குடும்ப ஜெபக் குழுவில் ஓயாத வேத வாக்குவாதம்: பதில் எழுதுவதா, விட்டுவிடுவதா?

வெள்ளவத்தை_மகன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வட்ஸ்அப் ஜெபக் குழு இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் ஆலயத்துக்குப் போக முடியாமல் இருந்த காலத்தில் மாமா தொடங்கியது. கொழும்பில் நாங்கள், யாழ்ப்பாணத்தில் அப்பாவின் ஆட்கள், கனடா, லண்டன் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சுகமில்லை என்றால் எழுதுவார், மற்றவர்கள் ஜெபிப்பார்கள். பிள்ளையின் ஓஎல் பரீட்சை, யாரோ ஒருவரின் விசா, அம்மம்மாவின் முழங்கால். அவ்வளவுதான் அந்தக் குழு. அதில் எங்களுக்கு நிறைய ஆறுதல் கிடைத்தது.

இப்போது அது ஒரு விவாத மேடை. ரொறொன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணா. சின்ன வயதில் எனக்கு வேதபாடம் சொல்லித்தந்தவரே அவர்தான். எங்கள் குடும்பத்தில் அவரளவு வேதம் வாசிக்கிறவர் இல்லை. அவர் யூரியூபில் ஒரு போதகரின் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். முதலில் டிசம்பர் 25 அஞ்ஞானப் பண்டிகை என்று தொடங்கியது. பிறகு இயேசு என்று சொல்லலாமா, எபிரேயப் பெயரான யெஷுவா என்றுதான் சொல்லவேண்டுமா. பிறகு ஓய்வுநாள் சனியா ஞாயிறா. யாராவது ஒரு வரி பதில் போட்டால் உடனே ஒரு மணித்தியால வீடியோ வந்து விழும். லண்டன் மச்சான் விடமாட்டார், அவரும் ஒன்று போடுவார். இரண்டு பேரும் வசனங்களாலேயே அடித்துக்கொள்கிறார்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் நூற்றுக்கு மேல் செய்திகள். எல்லாம் ஓய்வுநாள் சண்டை. அதற்கு நடுவில் மாமி தன் மகனுக்குத் திங்கட்கிழமை சத்திரசிகிச்சை, ஜெபியுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு "ஆமென்" கூட இல்லை. ஒருவரும் அதைக் காணவில்லை.

என் குழப்பம் இதுதான். "புத்தியீனமான தர்க்கங்களை விட்டு விலகு" என்று தீத்து 3:9 சொல்கிறது. "விசுவாசத்திற்காகத் தைரியமாய்ப் போராடவேண்டும்" என்று யூதா சொல்கிறார். இரண்டும் வேதத்தில்தான் இருக்கிறது. நான் எதைப் பிடிப்பது? அம்மாவைக் கேட்டால் "மூத்தவன் கதைக்கிறான், நீ விடு" என்கிறார். எனக்கு இறையியல் படிப்பு இல்லை, கணக்கு அலுவலகத்தில் வேலை. டிசம்பர் 25 பற்றி அண்ணாவுக்கு ஆதாரத்தோடு ஒரு பதில் எழுத நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

இன்னொன்று. எங்கள் சித்தி கீழ்மாடியில் தனியாக இருக்கிறார். அவருக்குச் சீனி வருத்தம். தேங்காய் திருவும்போதுகூடப் போனை அரிசி வாளியில் சாய்த்து வைத்து அண்ணா அனுப்பும் வீடியோக்களைப் பார்ப்பார். விசுவாசம் உள்ளவனுக்குக் குளிசை தேவையில்லை என்று அந்தப் போதகர் இப்போது ஒரு தொடர் செய்கிறார். போன கிழமை தேயிலை எடுக்க அவருடைய அலுமாரியைத் திறந்தேன். கிளினிக்கில் கொடுத்த குளிசைப் பைகள் பிரிக்கப்படாமல் மைலோ டின்னுக்குப் பின்னால் இருந்தன. கேட்டதற்கு "ஆண்டவர் பார்த்துக்கொள்வார் மகன்" என்றார். அண்ணாவுக்கு எழுதும் பதிலில் இதையும் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

தெஹிவளை_பெரோயன் எழுதியது:

சகோதரனே, கட்டாயம் எழுதுங்கள். டிசம்பர் 25 பற்றி ஒரு தகவல் தருகிறேன். ரோமில் 354-ம் ஆண்டில் தொகுத்த ஒரு நாட்காட்டி ஆவணம் இருக்கிறது. அன்றைக்குக் கிறிஸ்து பிறந்தார் என்ற குறிப்பும், அன்றைக்குச் சூரியக் கடவுளின் விழா என்ற குறிப்பும் அதே ஆவணத்தில்தான் இருக்கின்றன. கிறிஸ்தவக் குறிப்பு 336 அளவில் எழுதப்பட்ட பட்டியலிலிருந்து வந்தது. எது எதைப் பார்த்து வந்தது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒருவராலும் முடியாது. இதை அண்ணாவிடம் கேளுங்கள், பதில் வராது.

பொய்யைக் கண்டும் பேசாமல் இருப்பது அன்பு இல்லை. பெரோயா பட்டணத்தார் தினமும் வேதத்தை ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் புகழ்கிறது. நீங்களும் பின்வாங்கவேண்டாம்.

கொட்டாஞ்சேனை_ரீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவின் கடைசிப் பந்தியை நான் முதலில் எடுக்கிறேன். நீங்கள் "இன்னொன்று" என்று சேர்த்திருப்பதுதான் இதில் பெரிய விஷயம். டிசம்பர் 25-ஐ அப்படியே வைத்துவிட்டு, இன்றைக்கே படியிறங்கிச் சித்தியிடம் போங்கள். அண்ணாவுக்கு எழுதும் கடிதத்தில் அவரை ஓர் ஆதாரமாகச் சேர்க்கவேண்டாம். அவர் விவாதத்துக்கு உதாரணம் இல்லை, உங்கள் சித்தி.

நீங்கள் சொன்ன இரண்டு வசனமும் முட்டிக்கொள்வதாக எனக்குத் தெரியவில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் 2-ம் அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். 14-ம் வசனத்தில் வாக்குவாதம் வேண்டாம் என்கிறார். ஏன் வேண்டாமாம்? அது "கேட்கிறவர்களைக் கவிழ்த்துப்போடுகிறதற்கு ஏதுவானது". பவுலின் கண் விவாதிக்கிற இரண்டு பேரிலும் இல்லை, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறவன் மேல் இருக்கிறது. சில வரி தள்ளி இமெநேயு, பிலேத்து என்று இரண்டு பேரைப் பெயர் சொல்லியே கண்டிக்கிறார். உயிர்த்தெழுதல் ஏற்கெனவே நடந்தாயிற்று என்று சொல்லி அவர்கள் "சிலருடைய விசுவாசத்தைக் கவிழ்த்துப்போடுகிறார்கள்" என்கிறார். அங்கேயும் கவிழ்ந்து விழுகிறவன் கேட்கிறவன்தான். வீண் சண்டையை ஏன் விடச் சொல்கிறாரோ, கள்ளப் போதனையை ஏன் எதிர்க்கச் சொல்கிறாரோ, இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

அதனால் நான் யாருக்கும் சொல்வது இதுதான்: ஒரு வாதம் வந்தால் "யார் சரி" என்று கேட்குமுன் "இதனால் யார் விழுகிறார்" என்று பாருங்கள். டிசம்பர் 25-ல் யாரும் விழவில்லை. நாட்களைப் பற்றி ரோமர் 14:5 அவனவன் தன் மனதில் நிச்சயமாய் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறது. பண்டிகையைக் குறித்தும் ஓய்வுநாளைக் குறித்தும் ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று கொலோசெயர் 2:16 சொல்கிறது. அண்ணா கிறிஸ்மஸ் கொண்டாடாவிட்டால் கொண்டாடாமல் இருக்கட்டும். ஆனால் குளிசை பற்றிய போதனையில் ஒருவர் விழுந்துகொண்டிருக்கிறார். அது உங்கள் வீட்டுக்குக் கீழேயே நடக்கிறது. குழுவில் அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் ஓய்வுநாளில் மும்முரமாக இருக்கிறார்கள். வீண் வாதத்தின் உண்மையான கேடு அதுதான் தம்பி. காக்கவேண்டிய ஆளைக் காணவிடாது. மாமியின் ஜெப விண்ணப்பமும் அப்படித்தான் புதைந்து போனது.

நான் சரித்திரம் படிப்பித்தவள், ஆகவே ஒரு சரித்திரம் சொல்லாமல் விடமாட்டேன். எங்கள் கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராமய விகாரை இருக்கிறது. மீகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த விகாரை. 1865-ல் பத்தேகமவில் தொடங்கிக் கம்பளை வரை கிறிஸ்தவ ஊழியர்களும் பிக்குமாரும் எழுத்திலும் மேடையிலும் மோதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 1873 ஓகஸ்ட் 26-ம், 28-ம் திகதிகளில் பாணந்துறையில் பெரிய விவாதம். வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவும் உபதேசியார் சிறிமான்னவும் ஒரு பக்கம், குணானந்த தேரர் மறுபக்கம். ஆயிரக்கணக்கான சனம். நம்மவர்கள் அந்த மேடைக்குப் போகும்போது சுவிசேஷத்துக்கு ஒரு வாசல் திறக்கும் என்று நினைத்துத்தான் போயிருப்பார்கள். நடந்தது என்ன? ஜோன் கப்பர் அந்த உரைகளைத் தன் சிலோன் டைம்ஸ் பத்திரிகையில் ஆங்கிலத்தில் போட்டார். அது புத்தகமாகி அமெரிக்கா போனது. அதை வாசித்த அமெரிக்கரான கேர்ணல் ஒல்கொட் 1880-ல் காலியில் வந்து இறங்கினார். 1886-ல் கொழும்பில் பௌத்தப் பாடசாலையான ஆனந்தாக் கல்லூரியின் தொடக்கம். பௌத்தர்களுக்கு அது மறுமலர்ச்சி. அவர்கள் அந்த நாளைப் பெருமையோடு நினைப்பதில் தவறு ஒன்றும் இல்லை, நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் நினைப்பேன். என் கேள்வி நம்முடைய பக்கத்தைப் பற்றியது. ஒரு மனிதனுடைய மனதை அவனுடைய சனத்துக்கு முன்னால் மேடை போட்டு வெல்லலாம் என்று நம்பினார்கள். தன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது "நீ சொல்வது சரி" என்று எவன் ஒத்துக்கொள்வான்? உங்கள் வட்ஸ்அப் குழுவும் ஒரு மேடைதான். தம்பிமார், மாமாமார், பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் மூத்த அண்ணா இறங்கிவரமாட்டார்.

அப்பொல்லோ என்ற போதகன் எபேசுவில் அரைகுறையாகப் போதித்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெபாலயத்தில் எழும்பி மறுத்துப் பேசவில்லை. அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள். அப்போஸ்தலர் 18:26. அப்பொல்லோவும் உங்கள் அண்ணாவைப் போலவே வேதத்தில் வல்லவன். அவன் கேட்டான்.

இப்போது சித்தி. அவரிடம் "அந்தப் போதகர் கள்ளன்" என்று தொடங்கவேண்டாம். அவர் அந்தக் குரலை நேசிக்கிறார், உடனே அதைக் காக்கத்தான் பார்ப்பார். அவருடைய வேதாகமத்தையே எடுத்து 1 தீமோத்தேயு 5:23-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். "உன் வயிற்றிற்காகவும், உனக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும், கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்." பவுலின் உடம்பில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கினது என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அந்தப் பவுல்தான் தன் மகனைப் போன்ற தீமோத்தேயுவுக்கு வயிற்று நோய்க்கு இதைக் குடி என்று எழுதுகிறார். உனக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு சொல் இல்லை. இரண்டாம் கடிதத்தின் முடிவில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்கிறார். அவனையும் குற்றம் சொல்லவில்லை. பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியன். எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருடம் கூட்டித் தருவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். வாக்குத்தத்தமும் மருந்தும் 2 இராஜாக்கள் 20-ல் ஒரே பந்தியில் இருக்கின்றன. வீண் தர்க்கத்தை விடு என்று கண்டிப்பாகச் சொன்ன அதே இரண்டு கடிதங்களில் இந்த வயிற்று மருந்தும் மிலேத்து நோயாளியும் இருப்பதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பவுல் மேல் பாசம் கூடுகிறது.

கர்த்தர் குணமாக்குகிறவர். அதை நான் முழு மனதோடு நம்புகிறேன், சித்தியோடு சேர்ந்து அதற்காக ஜெபியுங்கள். அந்த ஜெபத்தைச் சொல்லிவிட்டுக் குளிசையை விழுங்கலாம்.

மகரகம_தாதி எழுதியது:

தம்பி, ரீச்சர் சொன்னதோடு இதையும் கேளுங்கள். சீனிக் குளிசையை நிறுத்தினால் முதலில் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. "நிறுத்தியும் நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நினைக்கவைக்கும். உள்ளே சீனி ஏறிக்கொண்டிருக்கும். தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு, கண் மங்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். கால் விரல்களுக்கு இடையில் புண் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள், அவர் சொல்லமாட்டார். சத்தி, மயக்க நிலை, வேகமாக மூச்சு வாங்குவது என்றால் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

அப்படி ஒன்றும் இல்லை என்றால் பார்மசியில் விரலில் குத்திச் சீனியைப் பார்த்து, கிளினிக் கொப்பியோடு ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். விட்ட குளிசைகளுக்கு ஈடாகச் சேர்த்து விழுங்க விடவேண்டாம். சிலர் பயத்தில் அப்படிச் செய்கிறார்கள்.

தெஹிவளை_பெரோயன் எழுதியது:

ரீச்சர், சித்தி விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன், அந்தப் பந்தியைத்தான் நானும் முதலில் எடுத்திருக்கவேண்டும். ஆனால் விவாதமே வேண்டாம் என்பது போல எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. 325-ல் நிசேயாவில் கூடிய சங்கத்தில், கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையை எதிர்த்து நின்றிருக்காவிட்டால் இன்று நாம் ஞாயிறுதோறும் என்ன விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருப்போம்? அந்தப் போதனையை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 5 தடவை நாடுகடத்தப்பட்டார். அவர் "வீண் வாதம் வேண்டாம்" என்று வீட்டில் இருக்கவில்லை. சாந்தம் என்ற பெயரில் நம் சபைகள் எத்தனையோ பொய்களுக்கு இடம் கொடுத்துவிட்டன. செழிப்பு உபதேசம் கொழும்பு முழுக்கப் பரவியது அப்படித்தான். விதைக் காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று நம்பி நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை_ரீச்சர் எழுதியது:

பெரோயன், நல்ல கேள்வி. நிசேயாவை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆரியு சொன்னது சரியானால் நமக்காகச் சிலுவையில் மரித்தவர் படைக்கப்பட்ட ஒருவர். அப்போது நம் இரட்சிப்பே ஆட்டம் காணும். அது டிசம்பர் 25 இல்லை. அலெக்சாந்திரியாவில் அந்தப் போதனையைக் கேட்டவர்கள் சாதாரண விசுவாசிகள். ஆரியு அதைப் பாட்டாகவும் பரப்பினான். அவர்களுக்காகத்தான் மேய்ப்பர்கள் கூடிப் பேசினார்கள்.

பவுலும் பேதுருவை அந்தியோகியாவில் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார், கலாத்தியர் 2. சாந்தத்தைப் பற்றி எழுதினவரே அப்படிச் செய்தார். காரணம், புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுவந்த பேதுரு அந்தப் பந்தியை விட்டு விலகினபோது அவர்கள் இரண்டாந்தர ஆட்களாகிப் போனார்கள். எல்லாருக்கும் முன்னால் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்காக எல்லாருக்கும் முன்னால் பேசவேண்டியிருந்தது. அடகு வைத்த நகையைப் பற்றி நீங்கள் பேசுங்கள், உரக்கவே பேசுங்கள். சபையில், மூப்பர்களிடம், அந்தக் குடும்பங்களின் வீட்டில் போய்ப் பேசுங்கள். அது யூதா சொன்ன போராட்டம். அந்த நிருபத்தின் முடிவிலேயே, சிலருக்கு இரக்கம் பாராட்டுங்கள், சிலரை அக்கினியிலிருந்து இழுத்து இரட்சியுங்கள் என்று வருகிறது. ஆளைப் பிடித்து இழுக்கச் சொல்கிறார். ஆளை விட்டுவிட்டு வாதத்தை மட்டும் வெல்லும் போராட்டத்தை நான் அங்கே காணவில்லை.

தம்பிக்கு, அண்ணா விஷயத்தில் ஒரு வழி சொல்கிறேன். குழுவில் பதில் எழுதவேண்டாம். போன் எடுத்துத் தனியாகக் கதையுங்கள், கிறிஸ்மஸ் பற்றி இல்லை, குளிசை பற்றி. அந்த வீடியோவால் சித்தி மருந்தை நிறுத்திவிட்டார் என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் வேதம் நேசிக்கிற மனிதன், ஒருவேளை அது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். கேட்காவிட்டால் இன்னொரு முறை, முடிந்தால் மாமாவோடு சேர்ந்து. தீத்து 3:10 இரண்டொருதரம் புத்திசொல்லச் சொல்கிறது. அதற்குப் பிறகு நிறுத்துங்கள். குழு தொடங்கியவர் மாமா என்பதால், இது ஜெப விண்ணப்பங்களுக்கு மட்டும், வீடியோ வேண்டாம் என்று எல்லோருக்கும் பொதுவாக அவரே அறிவிக்கட்டும். லண்டன் மச்சானுக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளவத்தை_மகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ரீச்சர் எழுதியதை வாசித்த அன்று பின்னேரமே கீழே போனேன். சித்தி பிளேன்டீ ஊற்றித் தந்தார். அவருடைய பழைய வேதாகமத்திலேயே 1 தீமோத்தேயு 5:23-ஐ எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டு தரம் வாசித்தார். "இதை அவர் சொல்லவே இல்லையே" என்றார். பிறகு எனக்குத் தெரியாத ஒரு கதை வெளியே வந்தது. சித்தப்பா இருந்தவரைக்கும் கிளினிக்குக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். இப்போது விடியமுன் எழும்பி, முழங்கால் வலியோடு பஸ் ஏறி, நம்பர் எடுத்து மத்தியானம்வரை தனியாக இருக்க அவரால் முடியவில்லை. எங்களைக் கேட்கக் கூச்சம், நீங்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற ஆட்கள் என்றார். அந்த நேரத்தில்தான் குளிசை வேண்டாம் என்கிற வீடியோ வந்திருக்கிறது. கடைசி முறை எப்படியோ போய் எடுத்துவந்த பைகளைத்தான் பிரிக்காமல் வைத்திருக்கிறார்.

காலி வீதியில் பார்மசியில் பார்த்தபோது சீனி 300-ஐத் தாண்டியிருந்தது. தாதி அக்கா சொன்னபடி காலையும் பார்த்தேன், சின்ன விரலுக்குக் கீழே ஒரு வெடிப்பு. அன்றைக்கே எங்கள் குடும்ப டொக்டரிடம் காட்டினோம். குளிசையைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார். அடுத்த கிளினிக்குக்கு நான் லீவு போட்டுக் கூடப் போகிறேன், அதற்கடுத்ததுக்கு மாமாவின் மகள்.

அண்ணாவுடனும் கதைத்தேன். சித்தி என்றதும் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "போதகர் அப்படி நிறுத்தச் சொல்லவில்லை, விசுவாசம் வளர்ந்தால் தானாக நிற்கும் என்றுதான் சொன்னார்" என்றார். நான் மறுத்துக் கதைக்கவில்லை, சித்தியின் சீனி அளவை மட்டும் சொன்னேன். அடுத்த நாள் அந்தத் தொடரின் வீடியோவைக் குழுவிலிருந்து அவரே அழித்துவிட்டார். ஓய்வுநாள் வீடியோக்கள் இருக்கின்றன. மாமா இன்னும் அறிவிக்கவில்லை, மருமகனோடு முகம் முறிக்கப் பயப்படுகிறார்.

இப்போது ஒரு கடைசிக் கேள்வி. அண்ணா டிசம்பரில் குடும்பத்தோடு கொழும்புக்கு வருகிறார், எங்கள் வீட்டில்தான் தங்குவார். வருட முடிவு ஜெபத்தை வீட்டில் அவரே நடத்தவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. "இந்த உபதேசத்தைக் கொண்டுவராதவனை வீட்டிலே ஏற்றுக்கொள்ளாதே, வாழ்த்துதலும் சொல்லாதே" என்று 2 யோவான் 10 சொல்கிறதே என்று லண்டன் மச்சான் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். அண்ணாவை வேறெங்காவது தங்கச் சொல்லவேண்டுமாம். என்னால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

தெஹிவளை_பெரோயன் எழுதியது:

சித்தி செய்தி கேட்டு ஸ்தோத்திரம். வீட்டில் தங்க விடுங்கள், ஆனால் ஜெபம் நடத்த விடவேண்டாம் என்பது என் கருத்து. டிசம்பர் 25 ஆவணம் பற்றி அவர் நேரில் கேட்டால் என்னிடம் விவரம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை_ரீச்சர் எழுதியது:

தம்பி, அந்த 300-ஐ வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்து ஜெபித்தேன். அந்தக் கால் வெடிப்பு ஆறும்வரை தினமும் பாருங்கள்.

2 யோவானை 7-ம் வசனத்திலிருந்து வாசித்தால் மச்சானுக்கும் விளங்கும். மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்துவை அறிக்கைபண்ணாத வஞ்சகரைப் பற்றித்தான் யோவான் எழுதுகிறார். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போகிற போதகருக்கு வீட்டில் இடம் கொடுப்பது என்றால், அவருடைய போதனைக்கு வழிச்செலவு கொடுத்து அனுப்புவது. அதைத்தான் தடுக்கிறார். உங்கள் அண்ணா கிறிஸ்துவை மறுக்கவில்லை. அவர் ஓய்வுநாளில் வழிமாறி, குளிசையில் ஆபத்தான ஒரு குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் பெரியம்மாவின் மகன். பாயும் தலையணையும் போடுங்கள், அம்மா அவருக்குப் பிடித்ததைச் சமைக்கட்டும். அவர் பிள்ளைகளை மரைன் டிரைவுக்குக் கூட்டிப்போங்கள்.

ஜெபம் நடத்துவது வேறு விஷயம். அங்கே சித்தி இருப்பார். அம்மாவிடம் தனியாக, இப்போதே சொல்லுங்கள், அண்ணா வந்து இறங்கிய பிறகு இல்லை. இந்த முறை மாமா நடத்தட்டும், அவர் குழு தொடங்கினவர், வயதிலும் மூத்தவர், அண்ணாவுக்கு அது அவமானமாகத் தெரியாது. அண்ணாவிடம் சங்கீதம் 103 வாசிக்கக் கொடுங்கள். அவர் நன்றாக வாசிப்பார் என்று நினைக்கிறேன், சின்ன வயதில் உங்களுக்குப் படிப்பித்தவர் அல்லவா.

பெரோயன், உங்கள் ஆவண விவரத்தை எனக்கு அனுப்புங்கள். அதை வாசிக்க எனக்கு உண்மையாகவே ஆசை.